கடைசி வரிசை

நோட்டீஸ் ஒட்டியது ஒரு திங்கட்கிழமை.
மேலே மலையாளம், கீழே அதைவிடச் சின்ன எழுத்தில் தமிழ்:
காலை ஏழு மணி, ஆடிட்டோரியம்,
கூட்டு உடற்பயிற்சி, மாணவிகள் மட்டும்,
மாதம் இருநூறு.
எல்லோரும் நின்று படித்தோம்.
எவளும் பெயர் எழுதவில்லை.
பேனாவைக் கட்டியிருந்த நூல் மட்டும்
கணவாய்க் காற்றில் குதித்துக்கொண்டிருந்தது.

என்ன தடை என்று கேட்டால்
பஸ் என்பேன்.
வேலந்தாவளத்தில் ஐந்து ஐம்பதுக்கு ஒன்று,
அதை விட்டால் ஏழு பத்து.
அது பாதி உண்மை.
மீதி, ஒரு பேண்ட்.
கறுப்பு, இடுப்பில் எலாஸ்டிக், பொள்ளாச்சியில் வாங்கியது.
ஏழு மாதமாய் பீரோவில்
விலை அட்டை கிழியாமல் கிடக்கிறது.
ஒரே ஒருமுறை போட்டுக் கண்ணாடி முன் குதித்தேன்.
நான் நின்ற பிறகும்
என் உடம்பு கொஞ்ச நேரம் நிற்கவில்லை.

அம்மா கேட்டாள்:
எரநூறு குடுத்து வேர்க்கோணுமா?
மாட்டுத் தொட்டிக்குத் தண்ணி மோந்து ஊத்து,
சும்மாவே வேர்க்கும்.

ஷெமீனா சொன்னாள், நீ போனா நானும் வர்றேன்.
நான் சொன்னேன், நீ வந்தா நானும் போறேன்.
இரண்டு வாரம் இப்படியே
ஒருத்தி ஷாலை ஒருத்தி பிடித்துக்கொண்டு
நகராமல் நின்றோம்.

கடைசியில் போனது நல்லெண்ணத்தால் அல்ல.
இன்டர்னல் பரீட்சை எட்டு மணிக்கு என்று யாரோ சொல்லி
விடியாத பஸ்ஸில் வந்தால், பரீட்சை தள்ளிவைப்பு.
கேன்டீன் பூட்டு.
மழையும் இல்லை, வெயிலும் இல்லை, சும்மா ஒரு காற்று.
ஆடிட்டோரியத்தில் பாட்டுச் சத்தம்.
எட்டிப் பார்த்த எங்களிடம்
வரீங்களா என்று லிஜிமோள் மிஸ் கேட்டிருந்தால்
இல்லை மிஸ் என்றிருப்போம்.
அவர் கேட்டது வேறு:
செருப்பு அவிடே வெச்சிட்டு வா.
கழற்றினோம்.

உள்ளே பத்தொன்பது பேர்.
பத்தொன்பது பேருக்கும் கடைசி வரிசை வேண்டும்.
பின்சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு
ஒருத்தி தோளில் ஒருத்தி இடித்துக்கொண்டு.
முன்னால் கல்யாணப் பந்தி போடுமளவு தரை காலி.
மிஸ் திட்டவில்லை.
அவரும் வந்து எங்களோடு சுவரில் சாய்ந்தார்.
முன்னே பார்க்க ஒரு முதுகும் இல்லை,
நம்மைப் பார்க்க ஒரு கண்ணும் இல்லை.
பிறகு அவர் எண்ணத் தொடங்கினார்:
ஒந்நு, ரண்டு, மூந்நு
எங்கள் பக்கம் ஒண்ணு, ரெண்டு, மூணு,
கால்கள் கண்டபடி விழுந்து
நாலு
என்பதில் எல்லாக் கால்களும் சேர்ந்தன.
இரண்டு பாஷைக்கும் அந்த எண் ஒன்றுதான்.

வியாழக்கிழமை ஜன்னலில் ஒரு போன்.
யாருடையது என்று தெரியாது.
வெள்ளிக்கிழமை ஒன்பது பேர்.
ஷெமீனா வரவில்லை;
அவள் அண்ணன் காதுக்கு எப்படிப் போனது என்று
இன்றுவரை எவளும் சொல்லவில்லை.
திங்கள் காலை
மிஸ் ஸ்டூலில் ஏறி நின்று
மைதா பசை தடவி
கண்ணாடிக்குக் கண்ணாடி பழைய பேப்பர் ஒட்டினார்.
முழங்கை வரை பசை.
செவ்வாய் பதினான்கு பேர்.
மரண அறிவிப்புகளும் ரப்பர் விலையும்
எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கக் குதித்தோம்.

பேண்ட் இன்னும் பீரோவில்தான்.
சுடிதாரில் ஆடுகிறேன், ஷாலை இடுப்பில் கட்டி.
பக்கத்தில் ஒருத்தி அளவு இடம் விட்டு நிற்கிறேன்.
நகரச் சொன்னால் நகர்வதில்லை.

நேற்று சாயங்காலம் கெண்டைக்கால் வலியோடு
பஸ் படி ஏறும்போது
வாய் தானாக, நாலு, என்றது.
கண்டக்டர் நாலு டிக்கெட் கிழித்துவிட்டார்.
ஒருத்திதானே ஏறியிருக்கே, மத்தவங்க எங்க
என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்.